ஐம்பது டாலர் படச்சுருள்

கோடை விடுமுறையில் பரணை ஒழுங்குசெய்ய முற்படும் வீடுகள் பலவற்றில் ஒரு காட்சி தவறாமல் நிகழ்கிறது. பழைய பித்தளைப் பாத்திரங்களுக்கும் அட்டை கிழிந்த பாடநூல்களுக்கும் நடுவே கறுப்புப் பெட்டிகள் நாலைந்து அகப்படும். முதுகில் ஒட்டிய தாளில் மங்கிய மையில், "அக்காள் திருமணம்", "தம்பி புதுநன்மை" என்று எழுதியிருக்கும். அவற்றோடு, என்றோ வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தர மறந்த சண்டைப் படம் ஒன்றும் கிடக்கும். பேரப்பிள்ளைகள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எதில் போட்டுப் பார்ப்பது?" என்று கேட்பார்கள். பெரியவர்களிடம் விடை இராது.

அந்தச் சண்டைப் படத்தைப் பற்றியே இம்மாதம் சிறிது எழுதலாம் என்றிருக்கிறோம். குடும்பங்கள் படிக்கும் ஏட்டில் இதற்கென்ன வேலை என்று வாசகர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். சில மாதங்களுக்கு முன்புவரை நாமும் அப்படித்தான் உயர்த்தியிருப்போம்.

வீடியோ நம் ஊர்களுக்கு வந்த விதத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமாயிற்று. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைத்துத் திரும்பியவர்கள் 'டெக்' கொண்டுவந்தார்கள். இல்லாதவர்கள் ஓரிரவு வாடகைக்கு எடுத்தார்கள். தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் கூடும். முதலில் பெரியவர்களுக்காக ஒரு பக்திப் படம், அடுத்து பெண்களுக்காக ஒரு குடும்பப் படம், பாட்டிமார் சுவரோரம் சாய்ந்து உறங்கிய பின் இளைஞர்களுக்காக ஓர் ஆங்கிலச் சண்டைப் படம் என்பதே முறை. அந்த மூன்றாவது படம் ஓடும்போது, "இதெல்லாம் ஒரு படமா!" என்று சலித்துக்கொண்டு எழுந்து போனவர்களில் நாமும் ஒருவர். 1984ஆம் ஆண்டிலேயே வீடியோ காட்சிகளை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு ஒரு சட்டம் இயற்றியது என்றால், அந்த மோகம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அத்தகைய படங்கள் ஏன் அத்தனை பெருகின என்பதற்கு ஒரு வியாபாரக் காரணம் உண்டு. சோனி நிறுவனம் 1975இல் 'பீட்டாமேக்ஸ்' என்ற ஒளிநாடாவையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் 'வி.எச்.எஸ்.' என்ற ஒளிநாடாவையும் ஜப்பானில் வெளியிட்டன. 1977இல் அமெரிக்காவில் ஆந்த்ரே ப்ளே என்பவர் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்திடம் 50 படங்களுக்கு உரிமை பெற்று, அவற்றைக் கேசட்டுகளாக்கி விற்கத் தொடங்கினார். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் அட்கின்ஸன் என்பவர் அவற்றை வாடகைக்குத் தரும் கடையைத் திறந்தார். முறையாக விலை கொடுத்து வாங்கிய கேசட்டை வாங்கியவர் பிறருக்கு வாடகைக்கு விடலாம் என்று அந்நாட்டுச் சட்டம் இடம் தந்தது. படமொன்று 80 டாலர் வரை விற்ற காலத்தில் எந்தக் குடும்பம் அதை வாங்கும்? சில டாலர்களுக்கு ஓரிரவு எடுத்துப் பார்ப்பதே எல்லார்க்கும் வசதியாயிற்று. ஊருக்கு ஊர் கடைகள் முளைத்தன.

கடை என்றால் அலமாரி நிறைந்திருக்க வேண்டுமல்லவா? பெரிய நிறுவனங்களின் படங்கள் மட்டும் அதற்குப் போதவில்லை. குறைந்த செலவில், விரைவாக, அட்டைப் படத்தைப் பார்த்ததும் கை நீளும்படியான படங்கள் தேவைப்பட்டன. அடிதடிப் படத்துக்கு மொழி ஒரு தடையன்று; பெரிய நடிகர் வேண்டியதில்லை; உடல் வலிமையும் துணிச்சலும் உள்ள நாலு பேர் போதும். இஸ்ரேலிலிருந்து வந்த மெனாகெம் கோலன், யோரம் குளோபஸ் என்ற ஒன்றுவிட்ட சகோதரர் இருவர் 1979இல் அமெரிக்காவின் 'கேனன்' நிறுவனத்தை வாங்கி, நிஞ்ஜா படங்களையும் சக் நாரிஸ் நடித்த போர்ப் படங்களையும் வரிசையாகத் தயாரித்தார்கள். கதை எழுதப்படுமுன்பே சுவரொட்டியைக் காட்டி விற்பதில் வல்லவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் இவர்கள். இந்தத் துணிச்சலைக் கண்டு சிரிப்பதா வியப்பதா என்று நமக்கே தெரியவில்லை.

இந்தப் பெருவெள்ளத்தின் ஓரத்தில் சிக்கி மூழ்கிப்போன ஒரு சிறு படத்தின் கதைதான் நம் மனத்தை மாற்றியது. 'மயாமி கனெக்ஷன்' என்பது அதன் பெயர்.

கொரியா நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று, ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லண்டோ நகரில் டேக்வாண்டோ என்னும் தற்காப்புக் கலையைக் கற்பித்து வந்தவர் ஒய்.கே. கிம். சினிமாவுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. கொரியத் தொலைக்காட்சியில் அவருடைய பேட்டியைக் கண்ட பார்க் வூ-சாங் என்ற இயக்குநர், டேக்வாண்டோவை வைத்து ஒரு படம் எடுக்கலாமே என்று யோசனை கூறினார். ஆசிரியர் மகிழ்ந்துபோனார். தாமே கதாநாயகன், தம் மாணவர்களே நடிகர்கள், ஊர்த் தெருக்களே படப்பிடிப்புத் தளம். சேமிப்பு கரைந்தது, கடன் ஏறியது. பெயரில் மயாமி இருந்தாலும் கதையில் பெரும்பகுதி ஆர்லண்டோவிலேயே நடக்கிறது!

கதையைச் சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். கல்லூரி மாணவர் ஐவர். ஐவருமே பெற்றோரின் துணையற்றவர்கள். ஒரே வீட்டில் உடன்பிறந்தவர்போல வாழ்கிறார்கள். பகலில் டேக்வாண்டோ பயிற்சி. இரவில் விடுதியொன்றில் பாட்டுக் கச்சேரி. நட்பின் உயர்வைப் பற்றியும் நிஞ்ஜாக்களை எதிர்ப்பதைப் பற்றியும் பாடுகிறார்கள். போதைப்பொருள் கடத்தும் நிஞ்ஜாக் கூட்டமொன்று மோட்டார் சைக்கிள்களில் வந்து இவர்களுடன் மோதுகிறது. கதாநாயகனின் ஆங்கில உச்சரிப்பு அவருக்கே சரிவரப் பிடிபடவில்லை. நடிப்பு என்று சொல்லத்தக்கது அரிதாகவே தென்படுகிறது. இறுதியில் தலைகள் உருள, இரத்தம் பீறிட, ஒரு பெரும் சண்டை. அது முடிந்ததும் வன்முறையை ஒழித்தாலன்றி உலகில் அமைதி இல்லை என்று திரையில் அறிவுரை தோன்றுகிறது! சிறுவர்களுக்கு ஏற்ற படம் அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

விநியோகஸ்தர்கள் கையை விரித்தார்கள். 1988இல் ஆர்லண்டோ வட்டாரத்துத் திரையரங்குகள் சிலவற்றில் ஓடிய படம், விரைவிலேயே பெட்டிக்குள் சென்றது. கிம் அவர்கள் கடனைத் தலையில் சுமந்துகொண்டு பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பினார். மறுநாள் காலையில் மாணவர்கள் வரிசையில் நின்றபோது ஆசிரியரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். அவரோடு சேர்ந்து நடித்தவர்களும் அந்த மாணவர்கள்தாமே!

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. 2009இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரின் 'அலாமோ டிராஃப்ட்ஹவுஸ்' திரையரங்கில் படங்களைத் தேர்ந்தெடுக்கும் பணியில் இருந்த ஸாக் கார்ல்ஸன் என்பவர், 'ஈ-பே' என்ற இணைய ஏலத்தில் தாம் கேள்விப்பட்டிராத ஒரு படத்தின் சுருள்கள் விலைக்கு வந்திருப்பதைக் கண்டார். என்ன படம் என்று பாராமலே 50 டாலர் கொடுத்து வாங்கினார். அரங்கில் ஓட்டிப் பார்த்தபோது இளைஞர் கூட்டம் ஆரவாரித்தது. ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை நண்பர்களைக் கூட்டிவந்தார்கள். பாடல்களைச் சேர்ந்து பாடினார்கள். படத்தை மீண்டும் வெளியிட அனுமதி கேட்டு அரங்கத்தார் கிம் அவர்களைத் தொடர்புகொண்டபோது, யாரோ தம்மைக் கேலி செய்கிறார்கள் என்று எண்ணி அவர் முதலில் இடம்கொடுக்கவே இல்லை. பின்னர் நம்பினார். 2012இல் படம் நாட்டின் பல நகரங்களில் திரையிடப்பட்டது, குறுவட்டாகவும் வெளிவந்தது.

இங்கேதான் நமக்கு ஓர் உறுத்தல் எழுந்தது. அந்த இளைஞர்கள் எதைக் கண்டு ஆரவாரித்தார்கள்? தடுமாறிய உச்சரிப்பைக் கண்டா? செயற்கையான அழுகையைக் கண்டா? தன் வீட்டை அடகு வைத்தேனும் ஒன்றைச் செய்துவிடத் துடிக்கும் மனிதனை உட்காரவைத்து ஊர் சிரிக்குமானால், அது நாகரிகமன்று. நம் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் இதைக் காண்கிறோம். வசனம் மறந்து விழிக்கும் சிறுவனைக் கண்டு கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பில் இருவகை உண்டு. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவன் தாயும் சிரிக்கிறாள். பின்வரிசை முரடர்களும் சிரிக்கிறார்கள். ஒலியளவில் வேறுபாடு தெரியாது. சிறுவனுக்கு மட்டும் தெரியும்.

இந்த உறுத்தலோடுதான் நாம் அந்தப் படத்தை அமர்ந்து பார்த்தோம். முதல் அரைமணி நேரம் பின்வரிசைக்காரர்களைப்போல நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு ஒரு கட்டம் வருகிறது. ஐவரில் ஒருவனான ஜிம் என்ற இளைஞன், தன் தாய் கொரியப் பெண் என்றும், தந்தை கறுப்பினத்து அமெரிக்கப் போர்வீரர் என்றும், அந்தத் தந்தையைத் தான் நெடுங்காலமாகத் தேடிவருவதாகவும் நண்பர்களிடம் சொல்லி அழுகிறான். நடிப்பு என்னும் அளவுகோலால் அளந்தால் அந்தக் காட்சி தேறாது. இருப்பினும், கொரியாவில் அமெரிக்கப் படைகள் தங்கியதன் விளைவாகப் பிறந்து, தந்தை யாரென்று அறியாது வளர்ந்த பிள்ளைகள் உண்மையிலேயே பலர் இருந்தனர். கொரிய மண்ணிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் தம் சண்டைப் படத்தின் நடுவே இந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தது வேடிக்கையாகத் தோன்றவில்லை. தந்தையிடமிருந்து செய்தி கிடைக்கிறது. தந்தையைச் சந்திக்கப் போகும் நாளுக்கு நல்ல உடை வேண்டுமென்று நண்பர்கள் தங்கள் பணத்தைத் திரட்டிக் கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் நமக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட படங்களில் எத்தனையோ கண்ணீர்க் காட்சிகளைக் கண்டிருக்கிறோம். அவற்றில் நம்மை அழவைக்கவேண்டும் என்ற திட்டம் தெரியும். இதில் அது தெரியவில்லை. கைதேர்ந்தவன் மறைத்துவிடுவதைக் கைதேராதவன் அப்படியே காட்டிவிடுகிறான் போலும்.

வீடியோ காலத்துப் படங்களை இன்றைய தலைமுறை தேடிப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினியின் துணையால் வானத்தைப் பிளக்கவும் நகரத்தைத் தரைமட்டமாக்கவும் முடிகிற காலத்தில், பார்ப்பவருக்கு எதிலும் நெஞ்சு பதறுவதில்லை. அந்நாளைய படங்களில் மாடியிலிருந்து விழுந்தவர் மெய்யாகவே விழுந்தார். 1985இல் வெளிவந்த 'போலீஸ் ஸ்டோரி'யில் ஜாக்கி சான் கடைத்தொகுதி ஒன்றின் உச்சியிலிருந்து, மின்விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பற்றிக்கொண்டு வழுக்கி இறங்குகிறார். அவருடைய உள்ளங்கைகள் வெந்துபோயின. அதே ஆண்டில் ஹாங்காங்கில் 'யெஸ், மேடம்' என்றொரு படம் வந்தது. சண்டைப் படமென்றால் ஆண்களே என்றிருந்த வழக்கத்தை மீறி, இரண்டு பெண்கள் அதில் மோதினார்கள். ஒருவர் அமெரிக்கப் போட்டிகளில் வாகை சூடிய சிந்தியா ராத்ராக். மற்றவர் மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்து, நடனம் பயின்று, காயத்தால் அதைக் கைவிட்ட இளம்பெண் மிஷேல் யோ. வாடகைக் கடைகளின் ஓரத்து அலமாரியில் தூசு படிந்து கிடந்த அந்தப் படத்தின் நாயகி, 2023ஆம் ஆண்டு சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றபோது, அந்தப் பழைய கேசட்டைத் தேடி எத்தனை பேர் பரணில் ஏறினார்களோ!

ஏறினவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கக்கூடும். ஒளிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின்மேல் பசைகொண்டு ஒட்டிய காந்தத் துகள்களே. வெப்பமும் ஈரமும் பசையைக் கெடுக்கின்றன; பூஞ்சை படருகிறது; படம் மெல்ல அழிகிறது. நம் கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவு. நாடா நன்றாயிருந்தாலும் ஓட்டுவதற்குக் கருவி அரிதாகிவிட்டது. நெடுநாள் தாக்குப்பிடித்த ஃபுனாய் என்ற ஜப்பானிய நிறுவனமும் 2016இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. 2004இல் 9,000க்கும் மேற்பட்ட கடைகளைக் கொண்டிருந்த 'ப்ளாக்பஸ்டர்' நிறுவனம் 2010இல் திவாலானது. 2019இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து பெண்ட் நகரில் அப்பெயரில் ஒரே ஒரு கடைதான் எஞ்சியிருந்தது.

கடை போனால் போகட்டும். படம் இணையத்தில் இருக்குமே என்று நினைப்பது இயல்பு. ஆனால், கேசட்டில் மட்டுமே வெளிவந்து, வட்டுக்கோ இணையத்துக்கோ மாற்றப்படாமல் நின்றுபோன படங்களும் உண்டு. உரிமையாளர் யாரென்று தெரியாது, நிறுவனம் மூடியிருக்கும், மூலச் சுருளைக் குப்பையில் எறிந்திருப்பார்கள். அத்தகைய படத்துக்கு யாரோ ஒருவர் வீட்டிலுள்ள நாடாவே கடைசி உயிர்.

நியூயார்க் நகரில் இன்னொரு கிம் இருந்தார். யாங்மன் கிம் என்பது அவர் பெயர். ஆர்லண்டோ ஆசிரியருக்கு உறவில்லை என்றாலும் அவரும் கொரியாவிலிருந்து குடியேறியவரே. துணி வெளுக்கும் கடை நடத்திக்கொண்டிருந்தவர், 1980களில் அதன் ஒரு மூலையில் கேசட்டுகளையும் வாடகைக்கு வைத்தார். வெளுத்த துணியைவிட வீடியோவுக்கே கூட்டம் வந்தது. நாளடைவில் 55,000 படங்கள் கொண்ட பெருங்கடையாயிற்று. காலம் மாறி 2009இல் கடையை மூட நேர்ந்தபோது, அவ்வளவையும் பிரித்து விற்க அவருக்கு மனமில்லை. சேர்த்தே வைத்து, பொதுமக்கள் பார்க்க வகைசெய்வோருக்கு அன்பளிப்பாகத் தருவதாக அறிவித்தார். இத்தாலியின் சிசிலித் தீவில், 1968ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் நலிந்திருந்த சலேமி என்ற சிற்றூர் அவற்றைப் பெற்றுக்கொண்டது. கப்பலேறிச் சென்ற படங்கள் அங்கே எதிர்பார்த்தபடி திறந்துவைக்கப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் பூட்டிய கட்டடத்தில் கிடந்தன. இதை ஆராயப் போன ஆவணப்பட இயக்குநர்கள் டேவிட் ரெட்மன், ஆஷ்லி ஸாபின் தம்பதியரின் விடாமுயற்சியால் அவை நியூயார்க்குக்கே திரும்பின. 2022இல் அங்குள்ள திரையரங்கொன்றில் மீண்டும் வாடகைக்கு வைக்கப்பட்டன. எந்த நிறுவனத்தின் அரங்கு தெரியுமா? 50 டாலர் படச்சுருளுக்கு வாழ்வளித்த அதே அலாமோ டிராஃப்ட்ஹவுஸ்!

வீடியோ கடைக்காரர் என்ற ஒரு வகை மனிதரை நாம் இழந்துவிட்டோம் என்பதையும் இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. இந்த வீட்டில் சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள், இந்தப் படம் வேண்டாம் என்று கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்ட கடைக்காரரை நாம் அறிவோம். அதே மனிதர், "சார், இதை யாரும் எடுப்பதில்லை, எனக்குப் பிடிக்கும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு கேசட்டைத் துடைத்துக் கொடுத்ததும் உண்டு. நாம் அதைப் பார்க்காமலே மறுநாள் திருப்பிக் கொடுத்து, "நன்றாயிருந்தது" என்று பொய் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது. என்ன படமென்று இப்போது எவ்வளவு முயன்றாலும் நினைவுக்கு வரவில்லை.

மயாமி கனெக்ஷனைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டோம். முதலில் எடுத்த முடிவில், நிஞ்ஜாவின் வாளால் வெட்டுண்ட ஜிம் தந்தையைக் காணாமலே இறந்துவிடுகிறான். படத்தை யாரும் வாங்காத அந்த இக்கட்டில், கையில் காசு கரைந்திருந்த நிலையில், கிம் அவர்கள் அந்த முடிவை மாற்றி மறுபடியும் எடுத்தார். இப்போது உள்ள படத்தில் ஜிம் பிழைத்துக்கொள்கிறான். மருத்துவமனைக்கு அவன் தந்தை வருகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்; பிறகு கட்டிக்கொள்கிறார்கள்; நண்பர்கள் சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.